வேலைத்தலத்தில் பல்லினக் கலாசாரம்: வரவும் செலவும்

ஆண்டுக்கு ஒருமுறை எமது அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் "பல்கலாசார நாள்" என்று ஒன்று வரும். அன்றைக்கு எமது பெண்கள் சேலை உடுத்துப் போவார்கள். நாம் வடை கொண்டு போவோம். முகாமையாளர் ஒரு வடையைக் கடித்துவிட்டுத் தண்ணீர் தேடி ஓடுவார். எல்லோரும் சிரித்து, ஒரு புகைப்படம் எடுத்துச் சுவரில் மாட்டுவார்கள். மறுநாள் எல்லாம் பழையபடி நடக்கும்.

இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பல இனத்தவரும் பல சமயத்தவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்வதால் கிடைக்கும் நன்மை இந்த வடையோடு முடிந்துவிடுகிறதா? இதுவே இம்மாதப் பாடத்தில் நாம் பார்க்க இருப்பது. கணக்குத் தொழில் பார்ப்பவர்களிடம் "நன்மை" என்று யாராவது சொன்னால், அது யாருக்கு வந்த வரவு, அதற்கு எதிரே என்ன செலவு என்று கேட்பது எமது பழக்கம். இங்கேயும் அப்படியே கேட்போம்.

முதலில் எமக்கு நேர்ந்த ஒன்று. கனடாவுக்கு அகதியாக வந்து, வழக்கு முடியாமல் இருந்த காலம் அது. ஊரில் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் படித்து, கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் நாலு வருடம் வேலை பார்த்த எமக்கு, ரொறன்ரோவில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் தற்காலிக வேலை கிடைத்தது. ஊழியர்களின் மனைவி பிள்ளைகளுக்கான மருந்து, பல் வைத்தியம் முதலியவற்றின் செலவைச் சரிபார்த்துக் காசு அனுப்பும் பகுதி அது. பிள்ளையின் குடும்பப் பெயரும் தகப்பனின் குடும்பப் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் கொம்பியூட்டர் அந்தக் கோப்பை ஒதுக்கிவிடும். ஒதுக்கியவை எல்லாம் "சந்தேகம்" என்று எழுதிய ஒரு தட்டில் போய்ச் சேரும்.

அந்தத் தட்டைப் பார்த்த முதல் நாளே எமக்கு விளங்கிவிட்டது. நடராஜாவின் மகன் சிவகுமார், சிவகுமாரின் மகள் அபிராமி என்று வைத்துக்கொள்வோம். இங்கே படிவம் நிரப்பும்போது சிவகுமாரின் குடும்பப் பெயர் நடராஜா ஆகிறது. அபிராமியின் குடும்பப் பெயர் சிவகுமார் ஆகிறது. மனைவி தம் தகப்பனாரின் பெயரையே வைத்திருந்தால் ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். கொம்பியூட்டருக்கு அது கள்ளக் கணக்கு. எமக்கோ அது ஊரில் எந்த வீட்டிலும் உள்ள கணக்கு. பிள்ளைக்குப் பல் பிடுங்கிய காசு மூன்று மாதமாக வரவில்லை என்று யாரோ ஓர் எம்மவர் தொலைபேசியில் மன்றாடிக்கொண்டிருந்திருப்பார்.

விளங்கியும் நாம் வாய் திறக்கவில்லை. வேலையோ தற்காலிகம். எம்மவர் கோப்புக்கு நாமே பரிந்து பேசினால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். ஆங்கிலமும் அந்த நாளில் தடக்குப்படும். மூன்றாம் நாள், பக்கத்து மேசையில் இருந்த எதியோப்பிய நாட்டுப் பெண்மணி ஒரு கோப்பைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன விசர் வேலை! எங்கள் நாட்டிலும் தகப்பன் பெயர்தான் பிள்ளைக்கு இரண்டாவது பெயர்" என்றார். அப்போதுதான் எமக்குத் துணிவு வந்தது. இருவரும் சேர்ந்து மேற்பார்வையாளரிடம் போனோம். அவர் ஜமேக்காவில் பிறந்தவர். ஒரு தாளை நீட்டி, "உங்கள் பெயர் முறையை இதில் எழுதிக் காட்டுங்கள்" என்றார். அடுத்த மாதம், பெயரை வைத்து ஒதுக்குவதை நிறுத்தி, பிறப்புச் சான்றிதழை ஒருமுறை பார்த்துப் பதிந்துகொள்வது என்று விதி மாறியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எமது பாடத்துக்கு முக்கியம். ஒழுங்கான கோப்புகள் தட்டைவிட்டு வெளியேறியதும், உள்ளபடியே பொய்யான இரண்டு கோப்புகள் அடியில் கிடந்தது தெரியவந்தது. இவ்வளவு நாளும் அபிராமிகளின் கோப்புகள் அவற்றை மூடி வைத்திருந்தன. அந்த இரண்டிலும் கொம்பனிக்கு மிஞ்சிய காசு எமது பல மாதச் சம்பளத்துக்கு மேல். எமக்கோ அந்த எதியோப்பியப் பெண்மணிக்கோ தனிப்பட்ட கெட்டித்தனம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. வீட்டிலிருந்து தெரிந்து வந்ததைச் சொன்னோம், அவ்வளவுதான். அங்கே பல வருடம் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஐஸ்லாந்திலும் இதே கதைதான். தகப்பனின் பெயரோடு "மகன்" அல்லது "மகள்" என்ற சொல்லைச் சேர்ப்பதால், கூடப் பிறந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் கடைசிப் பெயர் வேறு வேறாக இருக்கும்.

இத்தகைய வரவு எமது தொழிலுக்குப் புதியதல்ல. நாம் அன்றாடம் எழுதும் இலக்கங்களே இப்படி வந்தவை. இந்தியாவில் உருவாகி, பாக்தாத்தில் அரபு அறிஞர் கையில் வளர்ந்த இந்த எண்முறையை, வட ஆபிரிக்கத் துறைமுகம் ஒன்றில் தகப்பனோடு இருந்த காலத்தில் கற்றுக்கொண்டவர் பீசா நகரத்து லியனார்டோ. பிபனாச்சி என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோமே, அவரேதான். 1202ஆம் ஆண்டில் அவர் இதை நூலாக எழுதினார். ஆனால் 1299ஆம் ஆண்டில் புளோரன்ஸ் நகரத்து நாணயமாற்றுச் சங்கத்தினர், கணக்குப் புத்தகத்தில் இந்த இலக்கங்களை எழுதக் கூடாது என்று தம் உறுப்பினருக்குத் தடை போட்டார்கள். பிறகு 1494ஆம் ஆண்டில் அதே இத்தாலியில், வெனிஸ் நகரில் அச்சான லூக்கா பச்சோலியின் கணித நூல் இரட்டைப் பதிவு முறையை இந்த இலக்கங்களிலேயே விளக்கியது. அந்நியர் இலக்கம் என்று ஒதுக்கியதற்கும், அதை வைத்து உலகத்துக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய இருநூறு வருடம்.

எமது நாட்டிலும் ஒரு சான்று கிடக்கிறது. காலியில் 1911ஆம் ஆண்டில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து எடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அதில் உள்ள ஆண்டு 1409. சீனத்துக் கடற்படைத் தளபதி செங் ஹே, தம் பேரரசரின் பெயரால் நாட்டியது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய முறைப்படியும் காணிக்கை சொல்லப்பட்டிருக்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் போகிறது. கணக்காளர் கண்ணுக்கு அது ஒரு பற்றுச்சீட்டு மாதிரியே தெரியும். மூன்று பேருக்கும் கொடுத்ததும் ஏறக்குறைய ஒரே அளவு. கப்பலில் வந்த அந்நியர் ஒருவர், அக்கரையில் வியாபாரம் செய்ய வேண்டுமானால் அங்குள்ளவர் ஒவ்வொருவருடனும் அவரவர் மொழியில் பேச வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். (சிங்களம் அக்கல்லில் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.)

அதே தீவில் 1956ஆம் ஆண்டில் ஆட்சிமொழி ஒன்றே என்று சட்டம் வந்தது. அரசாங்கக் கந்தோர்களில் இருந்த எமது லிகிதர்களும் கணக்காளர்களும் சிங்களப் பரீட்சை சித்தியடையாவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்ற நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். வேலையை விட்டு இங்கிலாந்துக்கும் ஆபிரிக்காவுக்கும் போனவர்கள் எத்தனை பேர் என்பதை எமது மூத்தோரிடம் கேட்டால் தெரியும். 1987ஆம் ஆண்டில் 13ஆம் திருத்தத்தில் தமிழும் ஆட்சிமொழி என்று எழுதினார்கள். அதற்குள் யுத்தம் தொடங்கிவிட்டது. பன்மையைத் தள்ளி வைப்பதன் செலவு என்ன என்று யாராவது கேட்டால், நாம் வேறெங்கும் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

இனி நாம் வாழும் நாட்டுக்கு வருவோம். கனடாவில் 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி சனத்தொகையில் 23 சதவீதத்தினர் குடிவரவாளர்கள். ரொறன்ரோப் பெரும்பாகத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர். 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் பிரதமர் பியர் ரூடோ பல்கலாசாரக் கொள்கையை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 1988ஆம் ஆண்டில் அது சட்டமாயிற்று. ஆனால் கொள்கை அறிவித்த உடனே எல்லாக் கதவும் தாமாகத் திறந்துவிடவில்லை. ஒவ்வொரு கதவுக்கும் யாரோ ஒருவர் போய்த் தட்டியிருக்கிறார். அகதி வழக்கில் எமக்கு நேரில் வாய்மொழியாகப் பேசும் உரிமை கிடைத்தது 1985ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பினாலாகும். வழக்குப் போட்டவர்கள் தமிழர் அல்லர். சீக்கியர்களும் கயானா நாட்டவரும். அவர்கள் தட்டிய கதவால் நாம் உள்ளே வந்தோம்.

வேலைத்தலத்தைப் பொறுத்தவரை நாம் அறிந்துகொள்ள வேண்டிய பெயர் ரோசலி அபெல்லா. இவர் 1946ஆம் ஆண்டில் ஜெர்மனியில், ஸ்ருட்கார்ட் நகரத்து அகதி முகாமில் பிறந்தவர். பெற்றோர் போலந்து நாட்டு யூதர்கள். நாசி முகாம்களில் இருந்து உயிர் தப்பியவர்கள். முதற் பிள்ளையை அங்கே பறிகொடுத்தவர்கள். 1950ஆம் ஆண்டில் கனடாவுக்கு வந்தார்கள். தகப்பனார் சட்டம் படித்தவர். வந்ததும் சட்டத்தரணியாக விண்ணப்பிக்கப் போனார். பிரசை அல்லாதவர் இங்கே அத்தொழில் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். குடும்பம் சாப்பிட வேண்டும் அல்லவா? அவர் காப்புறுதி விற்கப் போனார். அப்போது நாலு வயதாக இருந்த மகள், தான் சட்டத்தரணி ஆவேன் என்று தீர்மானித்ததாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்த மகள் நீதிபதியாகி, 1984ஆம் ஆண்டில் வேலைவாய்ப்பில் சமத்துவம் பற்றிய அரச ஆணைக்குழு அறிக்கையை எழுதினார். எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவது சமத்துவம் ஆகாது, சிலரை வெளியே நிறுத்தி வைக்கும் விதிகளைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1986ஆம் ஆண்டில் வந்த வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் அதன் வழி வந்தது. 1989ஆம் ஆண்டில், சட்டத்தரணியாவதற்குப் பிரசையாக இருக்க வேண்டும் என்ற பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து விதியை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அத்தீர்ப்பில் அபெல்லாவின் அறிக்கை எடுத்தாளப்பட்டது. தகப்பனைத் திருப்பி அனுப்பியதைப் போன்ற ஒரு விதியை வீழ்த்தியதில் மகளின் எழுத்துக்கும் பங்கு உண்டு. 2004 முதல் 2021 வரை அவரே உச்ச நீதிமன்ற நீதியரசராக இருந்தார்.

"கனேடிய அனுபவம் உண்டா?" என்ற கேள்வியை வாசலில் கேட்டுத் திரும்பி வந்த எமது கணக்காளர்களும் பொறியியலாளர்களும் வைத்தியர்களும் அந்தத் தகப்பனாரை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அனுபவம் பெற வேலை வேண்டும், வேலை பெற அனுபவம் வேண்டும். 2013ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு, இக்கேள்வி முதற்பார்வையிலேயே பாகுபாடு என்று கொள்கை வெளியிட்டது. 2024ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி, 2026 ஜனவரி முதல், 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் தம் வேலை விளம்பரங்களில் அதைக் கேட்கவே கூடாது. விளம்பரத்தில் எழுதாமல் மனத்தில் வைத்திருப்பதை எந்தச் சட்டம் தடுக்கும் என்பது வேறு விடயம்.

இப்போது எமது அன்பர்கள் பலருக்கும் அலுவலகத்தில் சங்கடம் தரும் ஒன்றுக்கு வருகிறோம். திருவிழா, தீபாவளி, திவசம் என்று வரும்போது லீவு கேட்பது எப்படி? பெரும்பாலோர் செய்வது, வருத்தம் என்று சொல்லி நின்றுவிடுவது. நாமும் அதைச் செய்தோம். எமது தந்தையார் ஊரில் காலமானபோது அகதி வழக்கு முடியாததால் எம்மால் போக முடியவில்லை. தம்பி அங்கே கொள்ளி வைத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று இங்கே கோயிலில் செய்ய வேண்டியதைச் செய்ய ஒரு நாள் தேவைப்பட்டது. அலுவலகத்தில் இருந்த மூத்த தமிழர் ஒருவரிடம் யோசனை கேட்டோம். "தம்பி, காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டு நில்லும். முப்பத்தொண்டாம் நாள் எண்டால் உவையளுக்கு விளங்காது" என்றார். அவர் நன்மையை நினைத்துத்தான் சொன்னார்.

காய்ச்சல் என்று சொன்னோம். கிரியைக்காக மீசையை மழித்திருந்தோம். மறுநாள் அந்த மீசையில்லாத முகத்தோடு மேசையில் போய் இருந்தபோது, முன்னர் சொன்ன ஜமேக்கப் பெண்மணி வந்து முகத்தைப் பார்த்தார். "உமக்கு என்ன காய்ச்சல்?" என்று கேட்டார். பொய் சொல்ல முடியவில்லை. கேட்டு முடித்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தங்கள் ஊரில் ஒன்பதாம் இரவு கூடி விழித்திருப்பார்கள் என்றும், தம் தாயார் இறந்தபோது அந்த ஒன்பதாம் இரவுக்குத் தாம் போனதாகவும் சொன்னார். "என்னிடம் கேட்டிருக்கலாமே" என்றார். தந்தையாரின் கடைசிக் கடமையை நாம் பொய் சொல்லிச் செய்துவிட்டோம் என்பது அன்றைக்குத்தான் மனத்தில் தைத்தது.

அவருக்கு விளங்காது என்று நாமாகவே முடிவு கட்டியிருந்தோம். சட்டமும் எமக்குத் தெரியாமல் இருந்தது. 1985ஆம் ஆண்டு டிசம்பரில், கிங்ஸ்ரன் நகரத்துப் பெரிய கடை ஒன்றில் வேலை செய்த ஒரு கிறிஸ்தவப் பெண், தம் சபையின் ஓய்வுநாளான சனிக்கிழமை வேலைக்கு வர முடியாது என்று தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தொழில் நடத்துபவருக்கு மிதமிஞ்சிய கஷ்டம் ஏற்படாத அளவுக்கு ஊழியரின் சமய வழக்கத்துக்கு இடம் கொடுக்கும் கடமை உண்டு என்றது. 1994ஆம் ஆண்டில் கியூபெக் மாகாணத்து யூத ஆசிரியர் மூவரின் வழக்கு வந்தது. அவர்களது நோன்பு நாளுக்கு லீவு கொடுத்த பாடசாலைச் சபை சம்பளத்தை வெட்டியிருந்தது. கத்தோலிக்க ஆசிரியர்களின் நத்தாரும் பெரிய வெள்ளியும் பாடசாலைக் கலண்டரிலேயே விடுமுறையாக இருக்கின்றன, அவர்கள் சம்பளம் இழப்பதில்லை, யூதர் மட்டும் ஏன் இழக்க வேண்டும் என்று பார்த்த நீதிமன்றம், ஆசிரியர் ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் இருந்தபடியால் சம்பளமும் கொடுக்கச் சொன்னது. எல்லா வேலைத்தலத்திலும் சம்பளத்தோடு லீவு கிடைக்கும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வேலை நேரத்தை மாற்றித் தருவதும், வேறொரு நாள் வேலை செய்து ஈடு கட்ட விடுவதும் இடம் கொடுப்பதுதான். ஊழியரும் ஒத்துழைக்க வேண்டும் என்று 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று சொல்கிறது.

எமது பகுதியில் அந்தப் பெண்மணி அடுத்த வருடம் ஒரு பெரிய கலண்டரைச் சுவரில் மாட்டி, அவரவர் பெருநாளை அவரவரே எழுதச் சொன்னார். கணக்குப் பகுதிக்கு டிசம்பர் கடைசி வாரம் உயிர் போகிற வாரம். வருட முடிவுக் கணக்கு அப்போதுதான். கிறிஸ்தவர்களுக்கோ அப்போதுதான் வீட்டில் நிற்க வேண்டும். நாமும் இரண்டு முஸ்லிம் அன்பர்களும் அந்த வாரத்தைப் பொறுப்பெடுத்தோம். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் மற்றவர்கள் எமது வேலையைப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே சமயமாக இருக்கும் அலுவலகத்தில் இந்த ஒழுங்கைச் செய்யவே முடியாது.

செலவுப் பக்கத்தையும் எழுதாவிட்டால் கணக்கு ஒத்துவராது. பல நாட்டார் இருக்கும் கூட்டம் நேரம் எடுக்கும். ஒருவர் பகிடி மற்றவருக்குப் புண்படும். நாம் "ஓம்" என்று தலையை ஆட்டுவது சில பேருக்கு "இல்லை" என்று தெரியும். அதைவிடப் பெரிய கரைச்சல் எமது மரியாதை. "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று மேலாளர் கேட்டால், முடியாது என்று தெரிந்தும் முகத்துக்கு நேரே மறுக்க மனம் வராமல் "முயற்சி செய்கிறோம்" என்போம். அவர் அதை "ஓம்" என்று எடுத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் மனத்தாங்கல். கியூபெக்கில் இருந்து வரும் பிரெஞ்சுப் பற்றுச்சீட்டில் சதத்துக்கு முன்னே புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இருக்கும். அதை ஆயிரத்துக் காற்புள்ளி என்று எடுத்துக் கூட்டித் தலையைப் பிய்த்துக்கொண்ட நாளும் உண்டு. இவை எல்லாம் உண்மையான செலவுகள். பேசித்தான் குறையும், தாமாகக் குறைவதில்லை.

வெளியே இடம் கேட்கும் நாம் எமது வீட்டையும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். எம்மவர் நடத்தும் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்யும் முஸ்லிம் சகோதரருக்கு வெள்ளி மதியத் தொழுகைக்கு அரை மணி நேரம் விடுகிறோமா? மேலே சொன்ன கடமை தமிழ் முதலாளிக்கும் உண்டு. தமிழர் மட்டும் கூடியிருக்கும் இடத்தில் "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்கிறோம். எதற்குக் கேட்கிறோம் என்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும். எமது கோயிலுக்குக் கயானாவில் இருந்தும் திரினிடாட்டில் இருந்தும் வந்த இந்துக்கள் பலர் வருகிறார்கள். இருநூறு வருடத்துக்குக் கிட்டக் கடல் கடந்து, மொழியை இழந்தும் வழிபாட்டை விடாதவர்கள். அர்ச்சனைச் சீட்டு எங்கே எடுப்பது என்று தெரியாமல் அவர்கள் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். எமது பிள்ளைகளும் இப்போது அதே மாதிரித்தான் நிற்கிறார்கள். சென்ற வருடம் கயானா அம்மையார் ஒருவர் ஒரு மட்டையில் ஆங்கிலத்தில் தாமே எழுதிக் கொண்டுவந்து, இதை வாசலில் வைக்கலாமா என்று கேட்டார். வைத்தோம். அதிகம் பார்ப்பது எமது பிள்ளைகள்.

லீவு விடயத்தில் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எமது விசேட நாட்கள் பஞ்சாங்கப்படி வருடத்துக்கு வருடம் மாறுவதால், மேலாளருக்கு அவை தெரிந்திருக்க நியாயம் இல்லை. வருடத் தொடக்கத்திலேயே உங்களுக்கு வேண்டிய நாட்களை எழுதிக் கொடுங்கள். கடிதத்தில் நாளின் பெயர், ஆங்கிலத் திகதி, அன்றைக்கு நீங்கள் செய்யும் வழிபாடு என்ன என்று இரண்டு வரி, உங்கள் வேலையை யார் பார்ப்பார் அல்லது எப்போது ஈடு செய்வீர்கள் என்பது, இவ்வளவும் போதும். பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இறப்பு போன்ற முன்கூட்டித் தெரியாதவற்றுக்கும் இதே விவரங்களை எழுதலாம். முப்பத்தோராம் நாளுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று தடுமாற வேண்டாம். இவ்விதழின் ஆங்கிலப் பக்கத்தில் மாதிரிக் கடிதம் ஒன்று எழுதியிருக்கிறோம். வெட்டி எடுத்துத் திகதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.